சதுரங்க என்ஜினிடம் என்ன கற்கலாம், எதைக் கற்க முடியாது

வால்டர் பிரவுன் ஆறு முறை அமெரிக்கச் சதுரங்கச் சாம்பியன் பட்டம் வென்றவர். 1970களின் இறுதியில் அவர் ஒரு கணினியை எதிர்த்துப் பந்தயம் கட்டினார். பலகையில் அவருக்கு ராஜாவும் ராணியும். எதிரே ராஜாவும் யானையும் மட்டுமே. ராணி வைத்திருப்பவர் வெல்ல வேண்டிய நிலை இது என்று சதுரங்க நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. யானையின் பக்கம் ஆடியது பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய நிரல். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அதே தாம்சன்தான். ஐம்பது நகர்வுகளுக்குள் யானையைப் பிடிக்க வேண்டும் அல்லது மேட் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் டிரா. பிழையில்லாமல் ஆடினால் 31 நகர்வுகளில் காரியம் முடிந்திருக்கும். பிரவுனால் ஐம்பதிலும் முடியவில்லை.

யானை வைத்திருப்பவர் அதை ராஜாவை ஒட்டியே வைத்துக்கொள்வார் என்று எடுத்துக்கொண்டுதான் நூல்கள் அந்த நிலையை அலசியிருந்தன. மனிதர்களும் அப்படித்தான் ஆடினார்கள். ராஜாவை விட்டு விலகிய யானை எப்படியும் பறிபோய்விடும் என்ற பயம். தாம்சனின் நிரலுக்குப் பயம் கிடையாது. தேவைப்பட்டபோது அது யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பியது. பிரவுன் அதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்திராத நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தோற்ற பந்தயத்தோடு வீட்டுக்குப் போனவர் உட்கார்ந்து அந்த நிலைகளைப் படித்தார். சில வாரங்களில் திரும்பி வந்து மறுபடி ஆடினார். இந்த முறை யானை விழுந்தது, சரியாக ஐம்பதாவது நகர்வில்.

கணினி நிரல்களைக் கொண்டு சதுரங்கம் கற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. நிரல் பிரவுனுக்கு எதையும் விளக்கவில்லை. "உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பது உனக்குத் தெரியாது" என்பதைப் பலகையில் காட்டியதோடு அதன் பங்கு முடிந்தது. மீதியை அவர்தான் செய்தார்.

தாம்சன் பயன்படுத்தியது வழக்கமான சதுரங்க என்ஜின், அதாவது நகர்வுகளைத் தேடி மதிப்பிட்டு ஆடும் நிரல், அன்று. இன்று டேபிள்பேஸ் என்று அழைக்கப்படும் முடிவுநிலைத் தொகுப்பு. அதன் வேலை தலைகீழாக நடக்கிறது. மேட் ஆகிவிட்ட எல்லா நிலைகளையும் முதலில் பட்டியலிட்டு, அவற்றுக்கு ஒரு நகர்வு முன்னால் என்ன இருந்திருக்க முடியும், அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போகும். முடிவில் பலகையிலுள்ள ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்ற தீர்ப்பு கிடைத்துவிடும். இங்கே மதிப்பீடு, ஊகம் எதற்கும் இடமில்லை, தீர்ப்பு இறுதியானது. 1983இல் தாம்சன் இதே முறையில் இரண்டு மந்திரிகளுக்கும் ஒரு குதிரைக்கும் இடையிலான முடிவைக் கணக்கிட்டபோது, 1851 முதல் டிரா என்று ஏற்கப்பட்டிருந்த ஒரு தற்காப்பு அமைப்பு உண்மையில் தோல்வி என்று தெரிந்தது. இப்போது ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையுள்ள எல்லா நிலைகளும் தீர்க்கப்பட்டுவிட்டன. 2012இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லோமனோசவ் கணினியில் உருவான தொகுப்பும், 2018இல் முழுமையடைந்த சிசிஜி தொகுப்பும் அந்த வேலையை முடித்தன. ஏழு காய்களே உள்ள ஒரு நிலையில் மேட் செய்ய 549 நகர்வுகள் தேவைப்படுகின்றன. அந்த நகர்வுகளை ஒரு கிராண்ட்மாஸ்டரிடம் காட்டினால், அவற்றில் நூற்றுக்கணக்கானவை எதற்காக ஆடப்படுகின்றன என்று அவராலும் சொல்ல முடியாது. இயந்திரத்துக்கும் அது தெரியாது. 'எதற்காக' என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

இனி என்ஜினுக்கு வருவோம். கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியான தன் கட்டுரையில் போட்ட அடித்தளம் வெகுகாலம் மாறவில்லை. இரண்டு பகுதிகள். நான் இப்படி ஆடினால் அவன் என்ன ஆடுவான், அதற்கு நான் என்ன ஆடுவேன் என்று கிளை கிளையாகத் தேடுவது ஒன்று. கிளையின் நுனியில் நிற்கும் நிலை யாருக்குச் சாதகம் என்று ஓர் எண்ணாகச் சொல்வது மற்றொன்று. ஆலன் டூரிங் இப்படியொரு நிரலை எழுதினார். அதை ஓட்டும் கணினி கிடைக்காததால் 1952இல் ஒவ்வொரு நகர்வையும் காகிதத்தில் தானே கணக்கிட்டு ஆடினார். 29 நகர்வுகளில் தோல்வி. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்றபோது அது ஒரு நொடியில் சுமார் 20 கோடி நிலைகளைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த 20 கோடி என்ற எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சுவையானது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது. 2009இல் பியூனஸ் அயர்சில் ஒரு போட்டியில், கைபேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற நிரல் பத்துக்கு ஒன்பதரைப் புள்ளி எடுத்து முதலிடம் பெற்றது. அது நொடிக்குத் தேடியது 20,000 நிலைகளுக்கும் குறைவு. எதைத் தேட வேண்டாம் என்று முடிவு செய்வதிலும், தேடியதை மதிப்பிடுவதிலும்தான் முன்னேற்றம் நடந்திருந்தது. இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் 2008இல் தொடங்கியது. மதிப்பீட்டு வேலைக்கு 2020 முதல் ஒரு நரம்பு வலையமைப்பை, அதாவது உதாரணங்களிலிருந்து தானே கற்கும் நிரலமைப்பை, பயன்படுத்துகிறது. இது ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க நிரல்களிலிருந்து வந்த உத்தி. சாதாரணக் கைபேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷை வெல்ல இன்று உலகில் ஆளில்லை.

அப்படிப்பட்ட ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருப்பது ஆட்டக்காரருக்கு என்ன செய்கிறது? தமிழகத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஏதாவதொரு சிறுவர் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் முடிந்து பிள்ளை வெளியே வந்ததும், நோட்டேஷன் தாளைப் பார்த்து அப்பா நகர்வுகளைக் கைபேசியில் ஏற்றுவார். நிலை யாருக்குச் சாதகம் என்று காட்டும் ஒரு பட்டை, பக்கத்தில் ஓர் எண்ணோடு, திரையில் மேலும் கீழும் ஏறி இறங்கும். "பதினேழாவது நகர்வில் பிளண்டர் பண்ணியிருக்கிறாய், பார்" என்பார். பிள்ளை பார்ப்பான், தலையாட்டுவான். அந்த நகர்வை ஆடியபோது அவன் மனத்தில் என்ன ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. கற்றலுக்கு உதவக்கூடிய ஒரே தகவல் அதுதான், அடுத்த சுற்று தொடங்குவதற்குள் அது மறந்தும் போய்விடும்.

அந்த எண்ணையே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டல் ஒன்று என்றால் ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்பது பழைய பொருள். ஸ்டாக்ஃபிஷ் 2022இன் இறுதியில் இதை மாற்றிவிட்டது. கூட்டல் ஒன்று என்று அது சொன்னால், அந்த நிலையிலிருந்து தன்னைத் தானே எதிர்த்து ஆடும்போது வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம் என்று அர்த்தம். 'தன்னைத் தானே எதிர்த்து' என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டாக்ஃபிஷ் உட்கார்ந்திருக்கும் உலகத்தின் கணக்கு அது. 1200 ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் குறிக்கும் புள்ளி) உள்ள இருவர் ஆடும் ஆட்டத்தில் கூட்டல் 0.4க்கும் கூட்டல் 0.1க்கும் உள்ள வித்தியாசத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பலர் தங்கள் தொடக்க ஆட்டத்தையே மாற்றுகிறார்கள்.

பூஜ்யம் இன்னும் மோசமாக ஏமாற்றும். 0.00 என்றால் சமநிலை என்று படிக்கிறோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில் டிங் லிரன் ஒரு சிப்பாய் குறைவோடு ஆடிக்கொண்டிருந்தார். என்ஜின்கள் டிரா என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அந்த டிராவைப் பிடிக்க அவர் மணிக்கணக்கில் ஒவ்வொரு நகர்விலும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. எதிரே ஆடிய குகேஷ் சும்மா அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். 55ஆவது நகர்வில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரைகளில் பட்டை அந்த நொடியே சரிந்தது. தனக்கு உடனே அது புரியவில்லை என்று குகேஷே பிறகு சொன்னார். யானைகள் போனதும் அடுத்ததாக மந்திரிகளையும் கட்டாயமாக மாற்ற முடியும், பிறகு மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் வெற்றி என்பதை அவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திரையைப் பார்த்த நமக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது. தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஏன் என்று தெரியும்?

குகேஷ் வளர்ந்த விதமும் இங்கே பேச வேண்டிய ஒன்று. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் என்ஜினை அவர் பக்கமே அண்டவிடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் என்ஜின் துணையில்லாத பயிற்சியில்தான். சென்னையில் வேறெல்லாப் பிள்ளைகளும் கணினியோடு உட்கார்ந்திருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. பலித்திருக்காவிட்டால் பழமைவாதம் என்று சொல்லியிருப்பார்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் இருப்பது தெரிந்த பிள்ளை, கணக்கில் சிக்கிய உடனே அந்தப் பக்கத்தைப் புரட்டுவான். புரட்ட வழியில்லாதவன் சிக்கலோடு உட்கார்ந்து பழகுகிறான், போட்டியில் ஐந்தாவது மணி நேரத்தில் தேவைப்படுவது அந்தப் பழக்கம். இதே குகேஷ் உலகச் சாம்பியன் போட்டிக்குத் தயாரானபோது அவருடைய குழு என்ஜின்களை முழுமையாகப் பயன்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் என்ஜின் இல்லாமல் தொடக்க ஆட்டம் தயாரிப்பது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. எந்த வயதில், எந்த நிலையில் அது கைக்கு வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதற்கு மாறான உதாரணம் போலத் தோன்றுபவர் விஸ்வநாதன் ஆனந்த். கணினியை இளமையிலேயே கையில் எடுத்த முதல் தலைமுறை அவருடையது. ஆனால் 1980களின் இறுதியில் அவர் கைக்கு வந்தது வலுவான என்ஜின் அன்று, ஆட்டங்களின் தரவுத்தளம். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தரவுத்தளம் என்ன செய்யும் என்பதற்கு ஹாம்பர்க் நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. 1985இல் காஸ்பரோவ் அங்கே எட்டுப் பேர் கொண்ட ஓர் அணியை ஒரே நேரத்தில் எதிர்த்து ஆடி 3.5–4.5 என்று தோற்றார். எதிரே இருப்பவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1987இல் மறுபடி வந்தபோது, அந்நகரில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த செஸ்பேஸ் நிரலில் அவர்களுடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தயாரானார். முடிவு 7–1. தயாரிப்பில் கணினி ஒரு நகர்வைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது, அவ்வளவே. அதற்கு முன்னால் அந்தக் காரியத்துக்கு யூகோஸ்லாவியாவிலிருந்து வரும் தடித்த தொகுப்புகளையும் ரஷ்யப் பத்திரிகைகளையும் நம்பியிருக்க வேண்டும். அவை மாஸ்கோவில் இருப்பவருக்குக் கிடைத்த அளவு சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. தூரத்தால் ஏற்பட்ட அந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்ததே இந்தியச் சதுரங்கத்துக்குக் கணினி செய்த முதல் உதவி என்பது என் கணிப்பு. ஒரு குறிப்பிட்ட தற்காப்பைக் கற்க விரும்பும் மாணவர், அதை வாழ்நாள் முழுக்க ஆடிய ஒருவரின் இருநூறு ஆட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம். எந்தக் காய் எங்கே போய் நிற்கிறது என்பது விளக்கமில்லாமலேயே கண்ணில் படத் தொடங்கும். என்ஜின் தரும் ஒரு வரிப் பதிலில் அது கிடைக்காது.

கணினியும் மனிதனும் சேர்ந்து ஆடும் போட்டிகளும் ஸ்பெயினின் லியோன் நகரில் நடந்தன. 1999, 2000, 2001 என்று மூன்று முறை ஆனந்த் வென்றார். எப்போது இயந்திரத்தை நம்புவது, எப்போது அதை மறுத்து வேறு பக்கம் தேடச் சொல்வது என்று அறிவது ஒரு தனித் திறமை. ஆரம்ப நிலை மாணவருக்கு அது கிடையாது, கிடைக்கவும் நாளாகும்.

2017 டிசம்பரில் நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. டீப் மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோவுக்கு ஆட்ட விதிகள் மட்டுமே தரப்பட்டன. மனிதர்களின் ஆட்டம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்ற அது ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டங்கள் ஆடி, 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று முடித்தது. ஆட்ட நிபந்தனைகள் ஸ்டாக்ஃபிஷுக்கு நியாயமாக இல்லை என்ற குறையில் உண்மை உண்டு. என்றாலும் ஆட்டங்களைப் பார்த்தவர்களை ஈர்த்தது வெற்றிக் கணக்கு அன்று, ஆடிய விதம். ஸ்டாக்ஃபிஷ் நொடிக்குச் சுமார் 7 கோடி நிலைகளைத் தேடியபோது இது சுமார் 80,000 நிலைகளையே தேடியது. சிப்பாயைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக உடனடியாக எதையும் கேட்காமல் காத்திருந்தது. ராஜாவுக்கு எதிரே ஓரச் சிப்பாயை முன்னே முன்னே தள்ளி, அதை அங்கேயே ஒரு நிரந்தரத் தொல்லையாக விட்டுவைத்தது. இது மனிதர்களுக்குப் புரிகிற மொழி. அதன் பிறகு, அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் உள்பட முன்னணி ஆட்டக்காரர்கள் ஓரச் சிப்பாயை முன்பைவிடத் தாராளமாகத் தள்ளத் தொடங்கினார்கள். தான் அதனால் பாதிக்கப்பட்டதைக் கார்ல்சன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2018இல் தன்னார்வலர்கள் அதே வழியில் லீலா என்ற திறந்த நிரலைக் கட்டினார்கள். இப்போது மாணவர்களின் ஆட்டங்களிலும் அந்த ஓரச் சிப்பாயைப் பார்க்கலாம், பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில்.

எதிராளியாகக் கணினி எப்படி? இங்கேதான் அது நீண்ட காலம் ஏமாற்றம் தந்தது. முழு பலத்தில் ஆடினால் அடித்து நொறுக்கிவிடும். பலத்தைக் குறைத்தால் விசித்திரமாக ஆடும். பத்து நகர்வுகள் உலகச் சாம்பியன் போல ஆடிவிட்டு, பதினொன்றாவதில் காரணமே இல்லாமல் ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுக்கும். எந்த மனிதனும் அப்படித் தவறு செய்வதில்லை. நம் தவறுகளுக்குக் காரணம் உண்டு: தாக்குதலில் மூழ்கித் தன் ராஜாவை மறப்போம், பின்னோக்கி வரும் மந்திரியைக் கவனிக்கத் தவறுவோம். 2020இல் டொரன்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்தவர்கள் உருவாக்கிய மாயா இந்தக் குறையைக் குறிவைத்தது. சிறந்த நகர்வு எது என்று அது தேடுவதில்லை. லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, 1100 ரேட்டிங் உள்ளவர் இந்த நிலையில் எதை ஆடுவார் என்று ஊகிக்கிறது. 1100 முதல் 1900 வரை ஒன்பது படிகள். ஊகம் ஏறக்குறைய பாதி நேரம் சரியாக அமைகிறது. சக மாணவன் விழும் பள்ளத்திலேயே விழும் ஒரு நிரல் பயிற்சி எதிராளியாக எவ்வளவு பயன்படும் என்பதைக் கிராமத்தில் தனியாகப் பயிலும் ஒரு பிள்ளையிடம் கேட்டால் தெரியும்.

வீட்டில் இவற்றைக் கையாளும் பெற்றோருக்கு ஓரிரண்டு விஷயங்கள் சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும் என்ஜினைத் திறக்காமல், பிள்ளையையே முதலில் எழுதச் சொல்லுங்கள்: எங்கே தடுமாறினேன், எந்த நகர்வுகளை யோசித்தேன், எதை ஏன் விட்டேன். பிறகு என்ஜினைத் திறந்தால், எழுதியதற்கும் அது சொல்வதற்கும் உள்ள முரண்பாடுகள் வரிசையாக நிற்கும். பார்க்க வேண்டியவை அவைதான், சராசரியாக மூன்றோ நான்கோ இடங்கள். மற்றதை விட்டுவிடலாம். என்ஜின் சொல்லும் நகர்வு புரியாவிட்டால், தான் ஆட நினைத்ததைப் பலகையில் ஆடிப் பார்த்து, அதற்கு என்ஜின் தரும் பதிலடியைக் காணட்டும். காரணம் அந்தப் பதிலடியில் இருக்கும். இன்னொன்று, பலர் செய்யாதது: கூட்டல் மூன்று என்று என்ஜினே ஒப்புக்கொள்ளும் வெற்றி நிலையை எடுத்து, முழு பலத்தில் உள்ள அதே என்ஜினை எதிர்த்து அதை வென்று காட்டச் சொல்வது. பெரும்பாலும் முதல் முறை தோற்பார்கள். பக்கத்தை மாற்றி என்ஜினை வெல்லவிட்டுப் பார்த்தால், அது அவசரப்படாமல் முதலில் எதிராளியின் ஒரே நல்ல காயை மாற்றிக்கொள்வது தெரியும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஸ்டாக்ஃபிஷும் லீசெஸும் இலவசம், ஏழு காய்த் தொகுப்பை லீசெஸிலேயே பார்க்கலாம்.

காரணத்தையும் இயந்திரத்திடமிருந்து பெற முடியுமா என்ற முயற்சியும் தொடங்கியிருக்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், டீப் மைண்ட் ஆய்வாளர்கள் ஆல்ஃபாஜீரோவின் வலையமைப்புக்குள்ளிருந்து மனிதர்களின் ஆட்டத்தில் காணப்படாத சில கருத்துகளைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். அவை வெளிப்படும் நிலைகளை உலகின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் நான்கு பேரிடம் புதிர்களாகக் கொடுத்தார்கள். முதலில் தாங்களாகத் தீர்த்தார்கள்; பிறகு ஆல்ஃபாஜீரோவின் விடைகளைப் பார்த்தார்கள்; அதன்பின் அதே வகையைச் சேர்ந்த புதிய புதிர்கள். நான்கு பேருமே முன்பைவிட மேம்பட்டார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டவை நகர்வுகள் மட்டுமே. அந்த நகர்வுகளை இணைக்கும் கருத்து என்ன என்பதை எந்தச் சொல்லிலும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆய்வாளர்களிடமே அதற்குச் சொல் இருக்கவில்லை.